தீப்பெட்டிச் செங்கல்

இட்லித் தட்டுக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு என்பது ஐம்பதை நெருங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான்கு குழி, நான்கு நிறம். செம்பழுப்பு ஒன்றில், மணல் நிறம் ஒன்றில், கறுப்பு ஒன்றில், கண்ணாடி மாதிரித் துண்டுகள் ஒன்றில். ராத்திரி பத்தரைக்கு மேல் சென்னையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இந்தத் தட்டுகள் வரும். விடிந்து மாவு ஊற்றும் முன் அடுப்படிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒருநாள் கறுப்புத் துண்டு ஒன்று இட்லியோடு வெந்து வந்தது. உருகவில்லை. ஏ.பி.எஸ். என்கிற அந்தப் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தச் சுமார் 230 டிகிரி செல்சியஸ் வேண்டும், இட்லிக் கொப்பரை நூறோடு நின்றுவிடும். இதை அந்த நேரத்தில் விளக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மகளுக்கு எப்போதோ வாங்கிக் கொடுத்த லெகோ பெட்டி பரணில் கிடந்தது. 2020 ஊரடங்கில் பரணைத் துடைக்க ஏறியவன், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் விளையாடி முடித்து விடுதிக்குப் போய்விட்டாள். நான் ஆரம்பித்தேன். அதே ஆண்டில்தான் லெகோவைச் செய்கிற டென்மார்க் நிறுவனம் பெரியவர்களுக்கென்று கறுப்புப் பெட்டிகளில் '18+' என்று அச்சிட்டு விற்கத் தொடங்கியது. ஆக, நான் ஒருவன் மட்டும் கிறுக்கன் இல்லை.

வளர்ந்தபின் இந்தக் கட்டைகளுக்குத் திரும்பியவர்கள் தங்களுக்குள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பள்ளி வயதில் மூட்டை கட்டி வைத்ததிலிருந்து மறுபடி தொட்ட நாள்வரை உள்ள காலத்துக்கு 'இருண்ட காலம்' என்று பெயர். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவனுக்கு இருண்ட காலம் என்றால் களப்பிரர்தான். அந்த நாட்களில் ஒன்றுமே நடக்கவில்லை என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினோம், பிறகு ஆய்வாளர்கள் அப்படியெல்லாம் இல்லை என்றார்கள். என் இருண்ட காலத்திலும் படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் முறையாக நடந்தேறின. ஆனால் கணக்கு ஓரிடத்தில் இடித்தது. திரும்புவதற்கு நான் இங்கே முதலில் இருந்திருக்க வேண்டுமே? சிறுவயதில் லெகோவை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பதில் விரலில் இருந்தது. முதல் சுவர் கட்டும்போது, இரண்டாம் வரிசையின் முதல் கல்லை விரல் தானாகவே பாதி நகர்த்தி வைத்தது. ஜாயிண்டுக்கு மேல் ஜாயிண்டு வரக்கூடாது. இதைக் கற்றுக்கொண்ட இடம் டென்மார்க்கிலிருந்து ரொம்ப தூரம்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ரமணர் பிறந்த ஊர் என்று திருச்சுழிக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். தறிக்கும் மல்லிகைக்கும் அருப்புக்கோட்டையைத் தெரிந்திருக்கும். இடையில் பஸ் ஜன்னலில் ஓடுகிற பொட்டலை யாரும் ஊராக எண்ணுவதில்லை. ஒரு பக்கம் கரிசல், ஒரு பக்கம் செவல், நடுவில் மழை மனது வைத்தால் நிறைகிற கண்மாய். பங்குனி முடிவதற்குள் கண்மாய் வற்றி, உள்வாயில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மடைக்குப் பக்கத்துக் குழியில் மட்டும் ஈரம் நிற்கும். முழுப்பரீட்சை லீவில் எங்கள் தொழிற்சாலை அங்கேதான்.

தொழிலின் பெயர் செங்கல் அறுப்பது. முதலீடு ஒரு காலித் தீப்பெட்டி. மேல்பெட்டி வேண்டாம், குச்சி கிடக்கிற அடிப்பெட்டிதான் அச்சு. அப்போதெல்லாம் மரப்பெட்டி. மட்டி மாதிரி மெத்தென்ற மரத்தைத் தாள்போலச் சீவி, மடித்து, நீலத்தாள் ஒட்டியிருப்பார்கள். எங்களுக்கு மேற்கே சாத்தூர், சிவகாசிப் பக்கம் வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து ஒட்டிய பெட்டிகள். 144 பெட்டி ஒரு குரோஸ், குரோஸ் கணக்கில் கூலி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததில் தொடங்கிய கதை. அந்தப் பெட்டிகளின் கடைசிப் பயன்பாடு எங்கள் கண்மாய்க் குழியில் நடந்தது சிவகாசிக்குத் தெரிந்திருக்காது.

வீட்டில் ஒரு பெட்டி தீர வாரமாகும், அப்பத்தா ஒரு குச்சியில் அடுப்பையும் விளக்கையும் சேர்த்துப் பற்றவைக்கிறவள். ஆகவே டீக்கடை வாசல்தான் கதி. பெட்டியை ஆட்டிப் பார்த்தாலே எத்தனை குச்சி மிச்சம் என்று சத்தத்தில் சொல்லிவிடுவோம். இரண்டு குச்சிதான் என்று தெரிந்தால் அந்தப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வது. "ஏம்ப்பா, நான் பீடி குடிக்கிறத இப்படிப் பார்க்கிறீக?" என்று ஒருவர் கூச்சப்பட்டு எழுந்தே போய்விட்டார், பெட்டியோடு.

முறை சொல்கிறேன். பெட்டிக்குள் சாம்பல் தூவ வேண்டும், இல்லையென்றால் மண் பிடித்துக்கொள்ளும். மண்ணை உருட்டி ஒரே அடியாக அடித்துத் திணிக்க வேண்டும். பிட்டுப் பிட்டு வைத்தால் காய்ந்தபின் பிட்டுப் பிட்டு உதிரும். மேலே பனையோலைத் துண்டால் வழித்துவிட்டுக் கவிழ்த்து, முதுகில் ஒரு தட்டு. விழாது. உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் கல் உறிஞ்சிக்கொண்டு நிற்கும். பெட்டியின் அடியில் கருவேல முள்ளால் இரண்டு ஓட்டை போட்டால் போதும் என்று கண்டுபிடித்தவன் என் கூட்டாளி. எட்டு வயதில் செய்த அந்தக் கண்டுபிடிப்பைத் தாண்டி நாங்கள் இருவரும் பிறகு எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பெட்டி இருபது, இருபத்தைந்து கல்லுக்குத் தாங்கும். அப்புறம் தாள் ஊறிப் பிரிந்து மரச்சீவல் விரிந்துவிடும்.

முதல் வருஷம் அத்தனையும் வெடித்தது. வரிசையாகக் காயவைத்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் குறுக்கே பிளந்து, கண்மாய் வெடிப்பையே சின்னதாக அச்செடுத்த மாதிரி கிடந்தது. அழாத குறை. பக்கத்துத் தெருவில் கொத்தனார் தாத்தா ஒருவர் இருந்தார். கண் மங்கி வேலையை விட்டவர், ஆனாலும் இடுப்பில் மட்டக்கயிறு சுருட்டி வைத்திருப்பார். ஒரு கல்லை வாங்கிப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்து, "கரிசலை நம்பிக் கல்லு அறுப்பாகளாடா? தண்ணி பட்டா ஊதும், காஞ்சா சுருங்கும். செவலைப் பாதிக்குப் பாதி சேருங்க, வரகு உமி ஒரு கை போடுங்க" என்றார்.

கரிசலுக்கு அந்தக் குணம் நாடறிந்தது. அதன் களித்துகள் தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். மேலே நிற்கிற வீடும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். எங்கள் பக்கம் அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் கரிசலை முழுக்க வாரி எடுத்துவிட்டு மணலும் கிராவலும் கொட்டுவது அதனால்தான். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே அடியில் குமிழாக விரிகிற தூண் முறையை உருவாக்கியது. தாத்தாவின் வரகு உமியும் அந்தச் சண்டையில் ஒரு ஆயுதந்தான்.

கலந்தோம். கல் நின்றது. அடுத்த லீவில் தாத்தாவே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சுவர் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். அரைக்கல், முக்காக்கல், நேர் ஜாயிண்டு. நூலில் கூழாங்கல் கட்டியது தூக்குக்குண்டு. இருநூறு கல்லில் முன்திண்ணை வைத்த ஒரு வீடு எழும்பியது, முழங்கால் உயரம். எம்.ஜி.ஆர். 1977இல் நின்று ஜெயித்த தொகுதி எங்களுடையது. ஊரில் சுண்ணாம்பு பார்த்த சுவர்களிலெல்லாம் இரட்டை இலை இருந்தது. எங்கள் வீடும் ஊரில் ஒரு வீடுதானே, அதிலும் வரைந்தோம்.

மூலைதான் மானத்தை வாங்கியது. நிஜச் செங்கல் ஒன்பது அங்குலம் நீளம், நாலரை அங்குலம் அகலம். நீளத்தில் சரிபாதி அகலம் என்பதால், மூலையில் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி வைத்தால் வரிசை ஒட்டி முடியும். தீப்பெட்டிக்கு அந்தக் கணக்குக் கிடையாது. ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு மூன்றரை அகலம். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் சுவர் முடிகிற இடத்தில் சந்து விழும். அதில் அரைக்கல்லை வெட்டி வைத்தாலும் இன்னும் ஒரு நூல் இடம் பல்லிளிக்கும். தாத்தாவே மோவாயைத் தடவினார். கூட்டாளி மடியிலிருந்து வறுத்த புளியங்கொட்டை ஒன்றை எடுத்து அந்த இடுக்கில் செருகினான். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அன்றிலிருந்து எங்கள் கட்டடங்கள் அத்தனைக்கும் மூலையில் புளியங்கொட்டை உண்டு.

ஒரே ஒரு தடவை சூளையும் போட்டோம். பருத்திமாரை அடுக்கி, இடையில் கல், மேலே அப்பத்தா தட்டிக் காயவைத்திருந்த வரட்டி. எவ்வளவு வரட்டி என்று இங்கே எழுத வேண்டாம். பாதிக் கல் சிவந்தது, பாதி கரிந்து போனது, இரண்டு நாள் நான் வீட்டுக்குள் பின்வாசல் வழியாகத்தான் போனேன். சுட்ட கல்லை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக வைத்திருந்தோம். தங்கம் மாதிரி.

சுடாத கல்லுக்கு ஆயுள் ஐப்பசிவரை. அடைமழை பிடித்த முதல் ராத்திரியிலேயே வீடு உட்கார்ந்துவிடும். காலையில் போனால் ஒரு மேடும் அதன்மேல் நாலைந்து புளியங்கொட்டையும் கிடக்கும். அதற்காக நாங்கள் வருத்தப்பட்டதாக நினைவே இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்ட சந்தோஷம் வேறு. மண் மறுபடி மடைக்குழிக்குப் போய்விட்டது, பங்குனியில் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புக்கு மதுரைக்கு அனுப்பினார்கள். அடுத்த பங்குனிக்கு நான் போகவில்லை.

லெகோவின் கதையைப் படித்தபோது அதுவும் ஒரு தச்சுப் பட்டறையில் தொடங்குவது எனக்குப் பிடித்தது. பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்கிற தச்சர், வீடு கட்டக் கூப்பிட ஆளில்லாத பஞ்ச காலத்தில், 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். ஒன்றையொன்று பற்றும் பிளாஸ்டிக் கல் அவருடைய மூளையில் உதித்ததில்லை. இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பவர் முன்பே செய்துவைத்ததைப் பார்த்துச் செய்தார்கள். ஆனால் பிடிப்பு மட்டம். மேலே குமிழ் மட்டும் இருந்தது, உள்ளே வெறும் குடைவு. அந்தக் குடைவுக்குள் குழல்களை வைத்து, குமிழைக் குழல் கவ்வுகிற மாதிரி செய்து, அவர் மகன் காலத்தில் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இரண்டாண்டு கழித்து மரப்பொம்மைக் கிடங்கு எரிந்தது, மரத்தை விட்டே விட்டார்கள். கூட்டாளியின் முள் ஓட்டை நினைவுக்கு வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்தவன்தான் இரண்டு ஊரிலும் கல்லைச் சரிசெய்திருக்கிறான்.

குமிழுக்குக் குமிழ் எட்டு மில்லிமீட்டர். கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர். அச்சில் அனுமதிக்கிற பிசகு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. அதனால் 1958இல் வார்த்த கல் இன்று வாங்கிய கல்லோடு சேரும். முக்கியமாக, நான்கு குமிழ் நீளத்துக்கு இரண்டு குமிழ் அகலம். சரிபாதி! முதல் மூலையைத் திருப்பியதும் சொடக்குப் போட்டது போல அது சேர்ந்துகொண்டபோது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. இப்படிப்பட்ட கல் ஆறே ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் எண்ணிச் சொல்லியிருக்கிறார். எங்கள் கல் ஆறை அடுக்கினால் ஒரே விதம்தான், சாயும்.

பெட்டியில் வந்த வழிகாட்டிப் புத்தகப்படி ஒரு விண்கலமும் ஒரு பழைய காரும் செய்து முடித்தபின் கை ஊர்ப்பக்கம் இழுத்தது. வெளிநாட்டுத் தெரு, கோட்டை, 5,922 துண்டுகளில் தாஜ்மகால்கூட 2008இலேயே வந்துவிட்டது. ஊருணிக்கும் கண்மாய்க் கரைக்கும் யார் பெட்டி போடப்போகிறார்கள்? நாமே சேர்க்க வேண்டியதுதான். அங்கேதான் நிறம் காலை வாரியது. தரைப்பலகை பச்சையில் எளிதாகக் கிடைக்கிறது, டென்மார்க்கில் அப்படி இருக்கும். கறுப்பு வாங்கி வைத்தேன், தார் ரோடு மாதிரி இருந்தது. கரிசல் கறுப்பாக இருப்பது மழை பெய்த அன்று மட்டும். சித்திரையில் அதற்குச் சாம்பல் பூத்துவிடும், சாயங்கால வெயிலில் ஒரு ஊதா ஓடும். பழுப்பு, மணல், அடர்சாம்பல் மூன்றையும் கலந்து சின்னச் சின்னப் பலகைகளாகப் பாவியதில் ஓரளவு வந்தது. மனைவி பார்த்துவிட்டு "சிப்ஸ் கொட்டின மாதிரி இருக்கு" என்றாள். உண்மைதான்.

ரயில் இன்னொரு வம்பு. மானாமதுரை–விருதுநகர் தடம் என் சிறுவயதில் மீட்டர்கேஜ். இப்போது அகலப்பாதை. லெகோ தண்டவாளத்தில் கம்பிக்குக் கம்பி ஏறத்தாழ 37 மில்லிமீட்டர். பொம்மை மனிதனின் உயரத்துக்கு நாற்பத்தைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டால், அது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. எனக்கு வேண்டிய மீட்டர்கேஜுக்கு 22 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைப்பதை வைத்து இன்றைய ரயிலை விடலாம், என் ரயிலை விட முடியாது. தண்டவாளத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

போன பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஒரு கல் அறுத்துவிட வேண்டும் என்பதுதான் உள்ளெண்ணம். கண்மாய்க்குள் இறங்க வழியில்லை. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேல், ஆள் உயரத்துக்கு மேல். மடைக்குழி இருந்த இடத்தைக் கரைமேல் நின்று விரலால் காட்டலாம், போக முடியாது. கரைச்சரிவில் காய்ந்த மண்ணைச் சுரண்டி ஊறவைத்தேன். செவலுக்கு அலைய வேண்டியிருந்தது. வரகு போட்ட நிலம் என்று யாரும் சொல்லவில்லை, உமிக்குப் பதில் வைக்கோலை நறுக்கிப் போட்டேன். கடையில் தீப்பெட்டி இரண்டு ரூபாய். 1995இல் ஐம்பது பைசா, 2007இல் ஒரு ரூபாய், 2021 டிசம்பரில் இரண்டு. இத்தனை மெதுவாக விலை ஏறிய வேறொரு சாமான் நம் வீட்டில் உண்டா என்று தெரியவில்லை. இரண்டு ரூபாய்ப் பெட்டி இப்போது முழுக்க அட்டை. குச்சிகளைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு சாம்பல் தூவி மண்ணை அடித்தேன். முதல் கல்லுக்குப் பெட்டி வயிறு தள்ளியது. இரண்டாவதற்கு மூலை பிரிந்தது. மூன்றாவதைக் கவிழ்த்தபோது அட்டையும் மண்ணும் சேர்ந்தே விழுந்தன, எது எது என்று பிரிக்க முடியவில்லை.

தேறிய ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன். தாம்பரத்தில் பிரித்துப் பார்த்தபோது குறுக்கே வெடித்திருந்தது. பாதிக்குப் பாதி என்று தாத்தா சொன்னது எந்தக் கரண்டியால் என்று அப்போது கேட்டுவைக்கவில்லை.

கூட்டாளி இப்போது அருப்புக்கோட்டையில் கொத்தனார். ஹாலோபிளாக் வேலைதான் அதிகம் என்கிறான். அவனுக்கு என் லெகோ சமாசாரத்தைச் சொல்ல ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. போன மாதம் போனில் சொல்லிவிட்டேன்.

"எத்தனை கல்லு மாப்ள?"

"ரெண்டாயிரம் ஆயிருக்கும்."

"சிமெண்டு?"

"சிமெண்டு கிடையாது. ஒண்ணுக்கொண்ணு கவ்விக்கிரும்."

"பூச்சு?"

"அதுவும் கிடையாது."

"கல்லு என்ன விலை விழுகுது?"

சுமாராகப் பத்து ரூபாய் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சூளைக் கல்லே அந்த விலைதான்டா. லாரி வாடகை இருக்கா?" என்றான்.

படம் அனுப்பச் சொன்னான். எங்கள் வீட்டைத்தான் கட்டியிருந்தேன், வேப்பமரத்தடியில் இருந்த அந்த வீட்டை. முன்திண்ணை, செம்பழுப்புச் சுவர், வெள்ளைத் துண்டுகளில் இரட்டை இலைகூட ஒருவழியாக வந்திருந்தது. நாலு பக்கமும் எடுத்து அனுப்பினேன். பதில் வரக் கால் மணி நேரமானது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பான்.

"நல்லாத்தான் இருக்கு. மூலையெல்லாம் தைச்ச மாதிரி சுத்தமா இருக்கே, புளியங்கொட்டை எங்கடா?"

கல்லைப் பிரிப்பதற்கென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு நெம்புகோல் பெட்டியோடு தருகிறார்கள். மேலிருந்து மூன்று வரிசை பிரித்தாகிவிட்டது. ஒரு குமிழ் அகலக் கல்லைப் போட்டு இடம்விட்டுப் பார்த்தேன், சந்து எட்டு மில்லிமீட்டர் வருகிறது. கொட்டை ஆடுகிறது. புளி டப்பாவில் இன்னும் கொஞ்சம் பருமனான கொட்டை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.